உடுப்பின் வரலாறு – 9: தோள்சீலை

என் சின்ன வயதில் எங்கள் ஊர்த் தெருவில் அடிக்கடி பார்த்த காட்சி ஒன்று உண்டு. பண்ணை வீட்டுக்காரர் எதிரே வருவது தெரிந்தால் போதும், களத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் கிழவரின் தோளில் கிடக்கும் துண்டு இறங்கிவிடும். இடுப்பில் சுற்றிக்கொள்வார், அல்லது கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். பண்ணையார் தாண்டிப் போய் நாலெட்டு வைத்ததும் துண்டு பழையபடி தோளேறும். யாரும் அதட்டியதில்லை, யாரும் ஏன் என்று கேட்டதுமில்லை. கிழவருக்கு எழுபது வயதிருக்கும். பண்ணை வீட்டுக்காரருக்கு முப்பதுகூட இருக்காது.

போன இதழில் ரஷ்யாவின் மகா பீட்டர் தாடிக்கு வரி போட்ட கதையைப் பார்த்தோம். இந்த இதழில் நம் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறோம். பெண்களின் தோளில் ஒரு சீலை கிடக்கலாமா கூடாதா என்பதற்காக 1822 தொடங்கி 1859 வரை சந்தையிலும் கோர்ட்டிலும் அரண்மனையிலும் வழக்காடிய மண் நம் கன்னியாகுமரி மாவட்டம். அதைத் தோள்சீலைக் கலகம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் தோள்சீலைப் போராட்டம் என்றே எழுதுகிறேன். கலகம் செய்தவர்கள் சீலை போட்டவர்கள் அல்ல, அதை உருவியவர்கள்.

அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதற்கு முன் அவை திருவிதாங்கூர் அரசின் தென்கோடி. கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் திருநெல்வேலிச் சீமை. அங்கே கும்பெனி ஆட்சி. இரண்டு பக்கமும் பனைமரம், இரண்டு பக்கமும் ஒரே சனம், ஒரே பேச்சு, கொள்வினை கொடுப்பினை உண்டு. ஆனால் கணவாய்க்கு இந்தப் பக்கம் வந்துவிட்டால் ஒரு பெண் என்ன உடுத்தலாம் என்பதை மகாராஜாவின் சர்க்கார் சொல்லும். 'நாட்டு நடப்பு' என்று அதற்குப் பெயர்.

இந்தக் கதையின் நடுவில் நிற்பவர்கள் நாடார் குலப் பெண்கள். அன்றைய ஆவணங்கள் 'சாணார்' என்ற பெயரையே எழுதின. இழிவாகப் புழங்கிவிட்ட அந்தப் பெயரை மாற்றி 'நாடார்' என்று எழுத 1921-ல் சென்னை அரசு உத்தரவிட்டது. அவர்கள் கேட்டுப் பெற்ற பெயரையே நானும் எழுதுகிறேன். ஆண்கள் பனையேறிப் பதநீர் இறக்குவார்கள். பெண்கள் அதை அடுப்பேற்றிக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவார்கள். நிலபுலன் உள்ள நாடான்மார் சிலரும் உண்டு. பெரும்பாலோருக்குப் பனைதான் சோறு.

இவர்கள் எப்படி இருக்க வேண்டும் என்று நாட்டு நடப்பு விதித்திருந்ததை, லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மட்டீர் என்ற பாதிரியார் 1871-ல் வெளியிட்ட நூலில் எழுதி வைத்திருக்கிறார். குடை பிடிக்கக் கூடாது. செருப்பு போடக் கூடாது. பொன் நகை அணியக் கூடாது. வீடு ஒரு தட்டுக்கு மேல் போகக் கூடாது. பசுவைப் பால் கறக்கக் கூடாது. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் எடுக்கக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மூடக் கூடாது.

குடத்து விதியைப் படித்தபோது நான் சற்று நின்றுவிட்டேன். இடுப்பில் குடம் வைத்தால் உடம்பு ஒரு பக்கம் ஒசிந்து, ஒரு கை குடத்தை அணைத்து, மறு கை வீசி வரும். நடையில் ஒரு மிடுக்கு வந்துவிடும். தலையில் வைத்தால் கழுத்தைத் திருப்ப முடியாது. எதிரே யார் வருகிறார் என்று நிமிர்ந்து பார்க்கவும் முடியாது. உடை விதி துணியோடு நிற்பதில்லை. உடம்பு எப்படி நிற்க வேண்டும், எப்படி நடக்க வேண்டும், எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்ள வேண்டும் என்பதுவரை அது போகும். சீலை விதியையும் குடத்து விதியையும் சேர்த்துப் படித்தால்தான் இரண்டும் விளங்கும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த வரலாறு பெரும்பாலும் 'மானம் காத்த கதை'யாகவே மேடைகளில் சொல்லப்படுகிறது. அன்றைய மலையாள நாட்டில் மார்பை மூடாமலிருப்பது அதனளவில் வெட்கத்துக்குரியதாக இருக்கவில்லை. வெயிலும் ஈரமும் சேர்ந்த அந்த நாட்டில் ஆணும் பெண்ணும், உயர்ந்த சாதியும் தாழ்ந்த சாதியும் வீட்டுக்குள் இடுப்புக்கு மேலே துணியில்லாமல் இருப்பது சாதாரணம். மார்பைத் திறந்து நிற்பது மரியாதையின் அடையாளம். கீழ்ச்சாதிப் பெண் நாயர் முன்னால் அப்படி நிற்க வேண்டும். நாயர் பெண் நம்பூதிரியின் முன்னால் மேல்முண்டைத் தாழ்த்த வேண்டும். கோயிலில் சாமியின் முன்னாலும் அதே வழக்கம். இன்றும் கேரளக் கோயில்கள் பலவற்றில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தானே உள்ளே போகிறோம்? அந்தப் பழைய மரியாதையின் மிச்சம்தான் அது.

திருவிதாங்கூர்–கொச்சியின் முதலமைச்சராக இருந்த சி. கேசவன் 'ஜீவிதசமரம்' என்ற தன் வாழ்க்கை வரலாற்றில் தன் மாமியார் சொன்ன சம்பவம் ஒன்றை எழுதியிருக்கிறார். அந்த அம்மாள் இளம்பெண்ணாக இருந்தபோது, திருவனந்தபுரத்திலிருந்து வந்த நாத்தனார் ரவிக்கை கொண்டுவந்து கொடுத்தார். ஆசையோடு போட்டுப் பார்த்திருக்கிறார். பெற்ற தாய் அதைப் பார்த்துவிட்டு அடித்தாள்: சட்டை போட்டுக்கொண்டு அலைவது நம் வழக்கமா என்று. மூடியதற்காக மகளை அடித்த தாயும் அந்த நாட்டில் இருந்தாள். எது மானம் என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

அப்படியானால் பிரச்சினை எங்கே? எல்லோரும் வீட்டில் திறந்த மார்போடு இருக்கலாம். ஆனால் வெளியே போகும்போது தோளில் ஒரு சீலையைப் போட்டுக்கொள்ளும் உரிமை சிலருக்கு மட்டும்தான். அந்தத் தோள்சீலை தையல் இல்லாத ஒரு துணி. மார்பைச் சுற்றித் தோளில் போடுவது. அதைப் பார்த்தவுடன் இவள் நாயர் வீட்டுப் பெண், இவள் வெள்ளாளர் வீட்டுப் பெண் என்று தெரிந்துவிடும். போடாதவளைப் பார்த்தாலும் தெரிந்துவிடும். தெரிந்தால் என்ன? அங்கேதான் விஷயமே இருக்கிறது. திருவிதாங்கூரில் 'ஊழியம்' என்று ஒன்று உண்டு. சர்க்கார் வேலைக்கும் கோயில் வேலைக்கும் கூலியில்லாமல் ஆளைப் பிடித்துக்கொள்ளும் உரிமை அது. யாரைப் பிடிக்கலாம், யாரைப் பிடிக்கக் கூடாது? சந்தையில் நிற்கும் அதிகாரிக்குச் சாதி கேட்டுத் தெரிந்துகொள்ள நேரம் ஏது? கண்ணால் பார்த்தே தெரிய வேண்டும். திறந்த தோள், 'என்னைப் பிடித்துக்கொண்டு போகலாம்' என்று சொல்லும் எழுத்து. சீலை போர்த்திய தோளில் அந்த எழுத்து அழிந்துபோகும். மேல்சாதிக்காரர்கள் ஒரு துண்டுத் துணிக்காக ஊரைக் கொளுத்தும் அளவுக்கு ஏன் போனார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்து வேறு நியாயமான விளக்கம் இல்லை.

இந்த ஒழுங்கில் முதல் உடைப்பு மயிலாடியில் ஏற்பட்டது. மகராசன் வேதமாணிக்கம் என்ற சாம்பவர் குலத்து மனிதர் தஞ்சாவூருக்குப் போய் கிறிஸ்தவரானார். தம் ஊருக்குப் போதகர் வேண்டும் என்று கேட்டார். அதன் விளைவாக 1806-ல் ரிங்கல்தௌபே என்ற பிரஷ்ய நாட்டுப் பாதிரியார் தென் திருவிதாங்கூருக்கு வந்தார். 1809-ல் மயிலாடியில் தேவாலயம் எழுந்தது. சாம்பவரும் நாடாரும் சபையில் சேர ஆரம்பித்தார்கள். சேர்ந்தவர்கள் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று உடையைப் பற்றியது. வடக்கே சிரியன் கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்ற சட்டை போடுகிறார்களே, நாங்களும் கிறிஸ்தவர்கள்தானே?

அப்போது கும்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்டாகவும் அரசின் திவானாகவும் இருந்தவர் கர்னல் ஜான் மன்றோ. மதம் மாறிய பெண்கள் மேலுடம்பை மூடலாம் என்று 1812-ல் அவர் அனுமதி கொடுத்தார். மேல்சாதி நாட்டாரின் எதிர்ப்புக் கிளம்பியது. 1814-ல் அந்த உத்தரவு திருத்தப்பட்டது: சிரியன் கிறிஸ்தவர்களையும் மாப்பிள்ளை முஸ்லிம்களையும் போல் குப்பாயம் போடலாம், நாயர் பெண்களைப் போல் தோள்சீலை போடக் கூடாது.

இந்த 1814 உத்தரவை நான் இந்த வரலாற்றின் சாவி என்று நினைக்கிறேன். உடம்பை மூடுவதுதான் கேள்வியாக இருந்திருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். மூட அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் எங்களைப் போல் மூடாதே என்றது உத்தரவு. அடுத்த நாற்பத்தைந்து ஆண்டுகள் நடந்ததெல்லாம் அந்த 'எங்களைப் போல்' என்ற ஒரு சொல்லின் மேல் நடந்தது.

குப்பாயம் எப்படி இருந்தது? மிஷனரிமாரின் மனைவியர் வெட்டித் தைக்கக் கற்றுக்கொடுத்த தொளதொளப்பான சட்டை, குட்டைக் கை. நாகர்கோவிலில் 1818-ல் வந்து இறங்கிய சார்லஸ் மீட் பாதிரியாரின் காலத்தில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வந்தது, தையல் வந்தது. அதே மிஷனைச் சேர்ந்த மால்ட் அம்மையார் லேஸ் பின்னும் தொழிலைத் தொடங்கி வைத்தார். பனங்கருப்பட்டி காய்ச்சிய கைகள் சீமைப் பெண்களின் உடுப்புக்கு நூல் பின்ன ஆரம்பித்தன. அந்தக் கைகளில் காசு புழங்கியது. லேஸ் வருமானத்தில் அடிமைத்தளையிலிருந்தே விலை கொடுத்து மீண்ட பெண்கள் உண்டு என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன.

அந்தப் பெண்கள் பாதிரியார் வீட்டு அம்மையார் தைத்துக் கொடுத்த சட்டையோடு நின்றுவிடவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் தோள்சீலையையும் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார்கள். கோயிலுக்கு மட்டுமல்ல, சந்தைக்கும் அப்படியே போனார்கள். யாரும் அவர்களுக்கு அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. மன்றோ அனுமதிக்கவில்லை, மீட் பாதிரியாரும் கேட்கவில்லை. சட்டை அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. சீலை அவர்களே எடுத்துக்கொண்டது. வெள்ளைக்காரர் வந்து உடுத்தக் கற்றுக்கொடுத்தார் என்று சிலர் சொல்வதும், வெள்ளைக்காரர் தூண்டிவிட்டார் என்று அன்றைய நாட்டார் சொன்னதும் இந்த ஒரு விஷயத்தைக் காண மறுக்கின்றன.

1822-ல் கல்குளம் பக்கத்தில் அடிதடி ஆரம்பித்தது. சந்தை வழியில் பெண்களை மறித்துச் சீலையை உருவினார்கள், சட்டையைக் கிழித்தார்கள். மீட் பாதிரியார் ரெசிடென்டிடம் முறையிட்டார். வழக்கு பத்மநாபபுரம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1823-ல் கிறிஸ்தவப் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அதோடு அடங்கவில்லை. 1827, 1828-ல் இன்னும் பெரிதாகக் கிளம்பியது. இந்த முறை பள்ளிக்கூடங்களுக்கும் தீ வைத்தார்கள். உடையோடு படிப்பும் சேர்ந்தே வருகிறது என்பதைக் கொளுத்தியவர்கள் சரியாகவே கண்டுபிடித்திருந்தார்கள்.

1829 பிப்ரவரி 3 அன்று அரண்மனை ஒரு விளம்பரம் வெளியிட்டது. நாடார் பெண்கள் தோள்சீலை போடுவது வழக்கத்துக்கு விரோதம், அது தடை செய்யப்படுகிறது. கிறிஸ்தவப் பெண்களுக்குக் குப்பாயம் மட்டும் உண்டு. நாடார்கள் மற்றவர்களைப் போல ஊழியம் செய்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் இந்துக் கோயில் வேலையும் மட்டும் கிறிஸ்தவர்களுக்கு விலக்கு. ஒரே விளம்பரத்தில் சீலையும் ஊழியமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைக் கவனியுங்கள். அவை ஒன்றோடொன்று கட்டுண்டவை என்பது அரண்மனைக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அந்த விளம்பரம் வெளிவந்தது ராணி கௌரி பார்வதிபாய் ஆட்சியில். 1817-ல் பிரஜைகளின் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று அறிவித்த அதே ராணி. திருவிதாங்கூரின் வரலாற்றில் நல்ல பெயர் எடுத்தவர். ஒரு பெண்ணின் பெயரில் அந்தத் தடை வந்தது என்பதை நான் வருத்தத்தோடு எழுதுகிறேன். பெண் அரியணையில் இருந்தாலும் சாதி கேட்பது வேறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

கிறிஸ்தவர்களுக்குச் சட்டையாவது கிடைத்தது. கிறிஸ்தவத்தில் சேராத நாடார்களுக்கு என்ன? இந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தவர் வைகுண்டர். 1809-ல் சாமித்தோப்பு வட்டாரத்தில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். தாழ்ந்த சாதிப் பிள்ளைக்கு முடி சூடும் பெயரா என்று ஆட்சேபம் வர, முத்துக்குட்டி என்று மாற்றிக் கூப்பிட்டார்கள் என்று அவரைப் பின்பற்றும் அய்யாவழியினரின் மரபு சொல்கிறது. 1833-ல் திருச்செந்தூர்க் கடலில் மூழ்கி எழுந்து வைகுண்டராக வந்தார் என்பது அவர்கள் நம்பிக்கை. 1838-ல் திருவிதாங்கூர் அரசு அவரைப் பிடித்துத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தது. அடுத்த ஆண்டு விட்டது.

அவர் ஆண்களிடம் தலைப்பாகை கட்டச் சொன்னார். தலையில் துண்டு கட்டுவது மேல்சாதிக்காரரின் உரிமையாக இருந்த காலம் அது. வைகுண்டர் அதைத் தன் முன்னால் வருவதற்கான நிபந்தனையாகவே ஆக்கிவிட்டார். உலகத்தில் பெரும்பாலான இடங்களில் பணிவுக்காகத் தலைத்துணியை அவிழ்ப்பார்கள். சாமித்தோப்பில் வணங்கும்போது தலையில் கட்டுவார்கள். பெண்கள் தோள்சீலை போட வேண்டும், குடத்தை இடுப்பில் எடுக்க வேண்டும் என்றும் அவர் சொன்னதாக மரபு.

சில ஆண்டுகளுக்கு முன் அய்யாவழியினரின் வழிபாட்டுத் தலமான சாமித்தோப்புப் பதிக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "துண்டு இருக்காப்போ? இல்லேன்னா இதக் கெட்டிக்கிடு" என்று தன் கையிலிருந்த காவித் துண்டை நீட்டினார். எனக்குக் கட்டத் தெரியவில்லை. அவரே இரண்டு சுற்றுச் சுற்றி, முனையைச் செருகிவிட்டார். உள்ளே போனால் கருவறையில் சிலை இல்லை. நிலைக்கண்ணாடி ஒன்று இருக்கிறது. விளக்கொளியில் நாம் தெரிகிறோம், தலைப்பாகையோடு. தலை நிமிரக் கூடாது என்று சட்டம் போட்ட நாட்டில், முடி கட்டிய உன் முகத்தையே பார்த்துக் கும்பிடு என்று ஒருவர் ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் ஊர்க் கிழவரின் துண்டு அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது.

1830-க்கும் 1858-க்கும் நடுவில் பெரிய கலவரம் இல்லை. ஆனால் நிலம் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் போனார்கள், கையில் காசோடு திரும்பினார்கள். மிஷன் பள்ளியில் படித்த பிள்ளைகள் மனு எழுதக் கற்றார்கள். 1855-ல் திருவிதாங்கூர் அடிமைமுறையை ஒழித்தது. பனையேறி வீட்டுப் பெண் தோளில் சீலையோடு கோட்டாறு சந்தைக்குப் போவது அன்றாடக் காட்சியாகிவிட்டது. 1829 தடை காகிதத்தில் கிடந்தது.

1858 நவம்பர் 1 அன்று விக்டோரியா ராணியின் பிரகடனம் வெளியாயிற்று. கும்பெனி ஆட்சி முடிந்தது. இனி மத விஷயங்களில் தலையிட மாட்டோம் என்றது அது. தென் திருவிதாங்கூரின் நாயர்களில் ஒரு சாரார் இதைத் தங்களுக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டாகப் படித்தார்கள். இனிப் பாதிரியாருக்குப் பின்னால் யாரும் இல்லை, பழைய வழக்கத்தைத் திரும்ப நிறுத்தலாம் என்று கிளம்பிவிட்டார்கள். அந்த டிசம்பரில் சந்தைகளில் பெண்களின் மேலாடையைப் பகிரங்கமாகக் கிழித்தார்கள். சர்க்கார் சிப்பந்திகளே அதில் கை வைத்தார்கள் என்பதுதான் கொடுமை. தடுக்க வேண்டியவன் கை முதலில் நீண்டது.

திவான் மாதவராவ் டிசம்பர் 27 அன்று வெளியிட்ட அறிவிப்பு இரண்டு தரப்பையும் கண்டித்தது. பழைய வழக்கத்தை உத்தரவில்லாமல் மீறுவதும் தப்பு, சட்டத்தைக் கையில் எடுப்பதும் தப்பு என்றது. நடுநிலை போலத் தோன்றும் அந்த அறிவிப்பு தாக்கியவர்களுக்கே தெம்பு கொடுத்தது. 1859 ஜனவரியில் நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் வீடுகள் கொள்ளை போயின, சிற்றாலயங்கள் எரிந்தன. இந்த முறை நாடார்களும் திருப்பி அடித்தார்கள். கிறிஸ்தவர் மட்டும் அல்ல, இந்து நாடார்களும் சேர்ந்து நின்றார்கள். உங்கள் பெண்கள், எங்கள் பெண்கள் என்ற பேச்சு அடிபட்டுப் போயிற்று.

மாதவராவைப் பற்றி இரண்டு வார்த்தை. கும்பகோணத்தில் பிறந்து சென்னையில் படித்தவர், அப்போது முப்பது வயது. ஏகபோக வணிகத்தை ஒழித்தார், கடனில் கிடந்த அரசை நிமிர்த்தினார், பின்னாளில் இந்தூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்து இந்தியா முழுக்கப் பேர் வாங்கினார். அவரைக் கொடியவர் என்று எழுத எனக்கு மனம் வராது. ஆனால் நிர்வாகத்தில் அவ்வளவு தெளிவாக இருந்த கண், சந்தையில் துணி இழந்து நின்ற பெண்ணிடம் வந்தபோது 'வழக்கம்' என்ற சொல்லுக்குள் போய் மறைந்துகொண்டது. வயதான ரெசிடென்ட் கல்லன் அவருக்கு ஒத்து நின்றார். மிஷனரிகளின் மனு சென்னைக்குப் போயிற்று. 1859-ல் கவர்னராக வந்திருந்த சார்லஸ் ட்ரெவெல்யன் ரெசிடென்டுக்குக் கடுமையாக எழுதினார். உண்மையும் நீதியும் மனிதத்தன்மையும் இப்படி முழுக்க ஒரே பக்கம் நிற்கும் வழக்கைத் தாம் அபூர்வமாகவே கண்டதாக அவர் எழுதியது ஆவணத்தில் இருக்கிறது.

1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா பிரகடனம் செய்தார். கிறிஸ்தவப் பெண்களைப் போல எல்லா நாடார் பெண்களும் சட்டை போடலாம். முரட்டுத் துணியை மீனவர்களான முக்குவப் பெண்கள் சுற்றுவதுபோல் சுற்றிக்கொள்ளலாம். எப்படி வேண்டுமானாலும் மூடலாம், மேல்சாதிப் பெண்கள் போடுவதைப்போல் மட்டும் கூடாது.

நம் பாடப்புத்தகங்களும் மேடைகளும் இந்தப் பிரகடனத்தை வெற்றி என்கின்றன. மதம் மாறினால்தான் மூடலாம் என்ற நிபந்தனை விழுந்தது. அந்த அளவுக்கு அது வெற்றி, பெரிய வெற்றி. ஆனால் கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். 1814-ல் மன்றோ காலத்து உத்தரவில் இருந்த அதே வாக்கியம் நாற்பத்தைந்து ஆண்டு கழித்தும் அப்படியே நிற்கிறது: எங்களைப் போல் உடுத்தாதே. முரட்டுத் துணி என்று துணியின் தரத்தையும் சேர்த்து எழுதினார்கள். அரசு அன்றைக்குக் கொடுத்தது மறைப்பு. சமத்துவத்தைக் கொடுக்கவில்லை. அதைப் பெண்களே எடுத்துக்கொண்டார்கள். நாயர் பெண்ணைப் போல் மட்டும் கூடாது என்ற நிபந்தனையை மதித்து யார் எத்தனை நாள் முரட்டுத் துணி சுற்றினார்கள்? இரண்டு தலைமுறைக்குள் அந்த நிபந்தனை இருந்ததே ஊரில் மறந்துபோயிற்று.

சேர்த்தலை நங்கேலியின் பெயரைக் காணோமே என்று வாசகர்கள் கேட்கலாம். முலைவரி கேட்டு வந்தவனிடம் மார்பை அறுத்து வைத்தாள் என்ற அந்தக் கதை வாய்மொழியாக வருவது. அன்றைய ஆவணங்களில் அவள் இல்லை. தலைக்கரம் என்றும் முலைக்கரம் என்றும் வரி இருந்தது உண்மை. அது ஆண், பெண் என்று தலை எண்ணி வாங்கிய வரி. மேலாடையோடு அதற்கு என்ன உறவு என்பதில் வரலாற்றாளர்கள் ஒருமனதாக இல்லை. நங்கேலியை நம்புகிறவர்களின் மனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கல்குளத்துச் சந்தையிலும் கோட்டாறிலும் அடிவாங்கிய பெண்கள் கதைக்குள் இல்லை, கோர்ட்டுக் காகிதத்தில் இருக்கிறார்கள். முதலில் அவர்களைப் பேசுவோம்.

பேசுவதுகூட எளிதாக இல்லை. மத்திய பாடத்திட்டத்தின் ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தில் உடையின் சமூக வரலாறு பற்றி ஒரு பாடம் இருந்தது. இந்தப் போராட்டமும் அதில் இருந்தது. நாடார்களைக் குறித்து அதில் இருந்த சில வரிகளுக்கு எதிர்ப்பு எழுந்தது. 2016 டிசம்பரில் அந்தப் பகுதியைத் தேர்விலிருந்து சிபிஎஸ்இ விலக்கியது. 2019-ல் என்சிஇஆர்டி உடை பற்றிய பாடம் முழுவதையுமே நீக்கிவிட்டது. தவறாக எழுதியிருந்தால் திருத்தியிருக்க வேண்டும். முழுவதையும் எடுத்ததால் நஷ்டம் பிள்ளைகளுக்கு. 2023 மார்ச் 6 அன்று நாகர்கோவிலில் இருநூறாவது ஆண்டு விழா நடந்தது. தமிழ்நாட்டு முதல்வரும் கேரள முதல்வரும் ஒரே மேடையில் பேசினார்கள். அது நல்ல காரியம். ஆனால் விழா ஒரு நாளில் முடிந்துவிடும். பாடம் ஆண்டுதோறும் வகுப்பில் நடக்கும்.

குமரி மாவட்டத்து வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். இந்த வரலாற்றில் கர்னல், திவான், பாதிரியார் எல்லோர் பெயரும் கிடைக்கிறது. சீலை போட்டவர்கள் பெயர் அரிதாகவே கிடைக்கிறது. உங்கள் வீட்டுப் பெட்டியில், பரணில், பழைய குடும்ப வேதப்புத்தகத்தின் நடுவில் பாட்டியோ பூட்டியோ இருக்கும் படம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். சட்டை மட்டும் போட்டிருக்கிறாரா, மேலே சீலையும் உண்டா, முந்தானை எந்தத் தோளில் கிடக்கிறது, கையில் நகை உண்டா, பக்கத்தில் குடை இருக்கிறதா? பின்பக்கத்தில் அவர் பெயரையும் ஊரையும் மறக்காமல் எழுதி வையுங்கள். வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர் இருந்தால், அவருடைய பாட்டி எப்படி உடுத்தியிருந்தார் என்று கேட்டு அதையும் எழுதி வையுங்கள். தள்ளிப் போடாதீர்கள்.

அடுத்த இதழில்: 1915, கொல்லம் பெரிநாடு. புலையர் குலப் பெண்கள் கழுத்தில் சுமந்த கல்மாலையை அறுத்தெறிந்த கதை.

(தொடரும்)